வாரச் சாமான் எங்கே வாங்குவது? நாவற்குடா வீடொன்றின் எட்டு வாரக் கொப்பி

சண்டை தொடங்கியது ஒரு கிலோ போஞ்சியால். 2025 புரட்டாதியில் ஒரு வியாழக்கிழமை இரவு, பிரிஜ்ஜின் கீழ்த்தட்டைத் துப்புரவாக்கப் போன மாமி ஒரு பொலித்தீன் பையை இரண்டு விரலால் தூக்கி வந்து மேசையில் வைத்தார். சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய போஞ்சி. பாதிக்கு மேல் வழுவழுத்துத் தண்ணீர் விட்டிருந்தது.

"தம்பி, இது எவ்வளவு காசு?"

பில்லைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொன்னேன்.

"அப்ப இதைக் கடை வாசல்லயே எறிஞ்சிட்டு வந்திருக்கலாமே. சுமந்த பெற்றோலாவது மிச்சம்."

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் குடியிருப்பான். மட்டக்களப்பு வழமை அது. ஆகவே இந்த வீட்டில் மாமி சொன்னால் அதற்கு மேல் பேச எனக்குப் பெரிய உரிமை கிடையாது. ஆனால் மனைவிக்கு உண்டு. "சந்தையில வாங்கினா மட்டும் அழுகாதா?" என்று கேட்டாள். மாமி, "அழுகும். ஆனா அரைவாசி விலைக்கு அழுகும்" என்றார். அந்த இரவு பதினொரு மணிவரை நடந்த வாக்குவாதத்தின் முடிவாக மகளின் பழைய கணக்குக் கொப்பி ஒன்று என் கைக்கு வந்தது. எட்டு வாரம், நாலு இடம், ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வாரம். எழுதுவது என் வேலை.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். மனைவி மட்டக்களப்பு டவுனில் ஆசிரியை, நான் அலுவலகம் போகிறவன், மாமி, இரண்டு பிள்ளைகள். வீடு நாவற்குடாவில், கல்முனை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில். வடக்கே போனால் கல்லடிப் பாலம் தாண்டி டவுன், பொதுச்சந்தை. தெற்கே போனால் மஞ்சந்தொடுவாய் கடந்து முஸ்லிம் ஊரான காத்தான்குடி. ஒழுங்கை முனையில் ஒரு சில்லறைக் கடை. சூப்பர்மார்க்கெட்டும் எட்டிப்போகும் தூரத்தில்தான். இத்தனையும் ஒரு ஸ்கூட்டி ஓட்டத்துக்குள் இருப்பது வசதியா தலையிடியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கடை உள்ள ஊரில் இந்தச் சண்டையே வந்திராது.

பட்டியல் பொதுவானது: சீனி, தேயிலை, பால்மா, மைசூர்ப் பருப்பு, கோதுமை மா, பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய், தேங்காய் எண்ணெய், முட்டை, மரக்கறி ஐந்தாறு வகை, சவர்க்காரம், உடுப்புத் தோய்க்கிற தூள். அரிசியும் மீனும் இதில் இல்லை. அது ஏன் என்று பின்னால் வரும். உண்மையில் அந்த இரண்டும் இல்லாமல் போனதில்தான் முழு விசயமும் இருந்தது என்று கடைசியில்தான் விளங்கியது.

முதல் இரண்டு வாரம்: குளிர்க் காற்று

சூப்பர்மார்க்கெட்டைப் பற்றி மாமி சொன்னதில் ஒன்று பிழை. சாமான் விலை அங்கே அப்படி ஒன்றும் அநியாயமில்லை. சீனி, மா, பருப்பு மூன்றும் ஒழுங்கைக் கடையை விடக் குறைவு. பக்கெட் சாமான்களில் உச்ச சில்லறை விலை அச்சடித்தே வருகிறது. அதற்கு மேல் யாரும் விற்கக்கூடாது, விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆகவே பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் கடை கடையாக அலைவதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. இதை முதல் வாரமே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த கையோடு வீட்டில் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை அன்றே முடிந்திருக்கும்.

காசு போனது வேறு வழியில். கொப்பியில் "பட்டியலில் இல்லாதது" என்று ஒரு நிரல் போட்டிருந்தேன். முதல் சனிக்கிழமை அதில் விழுந்தவை: யோகட் ஆறு, நூடில்ஸ் பக்கெட் நாலு, ஒரு பிளாஸ்டிக் டப்பா (மூடி நல்லாயிருக்கு என்று மனைவி), ஐஸ்கிறீம், ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று போட்டிருந்த சோயாமீற். அந்த வாரம் நவராத்திரி. அவலும் கடலையும் வாங்கத்தான் போனோம், அவை இரண்டையும் மறந்துவிட்டு வந்தோம்.

இன்னொரு விசயம். பெயர் வேண்டாம். ஒரு கடையில் தட்டில் ஒட்டியிருந்த விலை ஒன்று, பில்லில் அடித்த விலை வேறு. கொப்பி எழுதுகிறவன் என்பதால்தான் கண்ணில் பட்டது. சொன்னதும் மறுப்பில்லாமல் காசைத் திருப்பித் தந்தார்கள், சிஸ்டத்தில் விலை மாறிவிட்டது, தட்டுச் சீட்டை மாற்ற மறந்துவிட்டோம் என்றார்கள். சரி. ஆனால் வீட்டுக்கு வந்து பழைய பில்களை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். பார்த்து ஒரு பயனுமில்லை, தட்டில் என்ன இருந்ததென்று யாருக்கு ஞாபகம்.

இரண்டு வார சராசரி: பட்டியல் சாமான் 10,900 ரூபா, பட்டியலில் இல்லாதது 2,300.

பொதுச்சந்தையும் கால் கிலோப் பலகையும்

மூன்றாம் வாரம் மாமியும் கூட வந்தார். அவர் சந்தையில் நடப்பதைப் பார்ப்பதே ஒரு பாடம். முதல் சுற்றில் எதையும் வாங்க மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விலை கேட்காமல், ஒரு முழுச் சுற்று. இரண்டாவது சுற்றில்தான் பன்புல்லில் பின்னிய பன் பை திறக்கும்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மரக்கறிக் குவியலுக்குள் செருகியிருக்கும் மட்டைப் பலகையில் எழுதியிருப்பது பல நேரம் கிலோ விலை அல்ல, 250 கிராமின் விலை. கரட் 90 என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் எறும்பு அளவில் 250 என்று இருக்கும். நாலால் பெருக்க வேண்டும். பக்கத்துக் குவியலில் அதே கரட்டுக்கு 170 என்று இருந்தால் அது அரைக் கிலோ விலை, உண்மையில் அதுதான் மலிவு. சூப்பர்மார்க்கெட்டில் 100 கிராமுக்கு எழுதுகிறார்கள். ஒழுங்கைக் கடையில் எழுதுவதே இல்லை, கேட்டால் சொல்வார்கள். கொப்பியில் எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றி எழுதிய பிறகுதான் நாலு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அதற்கு முன் நாங்கள் போட்ட சண்டை எல்லாம் கால் கிலோவையும் கிலோவையும் வைத்துப் போட்ட சண்டை.

நிறை விசயத்தில் மாமிக்கு ஒரு முறை உண்டு. பையின் அடியில் பிரிக்காத அரைக் கிலோப் பருப்புப் பக்கெட் ஒன்று எப்போதும் இருக்கும். புதுக் கடையென்றால், "இதை ஒருக்கா வச்சிப் பாருங்க தம்பி, வீட்டு மெசின் பிழைபோல கிடக்கு" என்று சிரித்துக்கொண்டே தட்டில் வைப்பார். பக்கெட்டின் நிறையோடு சேர்த்து 500க்கு ஒள்ளுப்போல, சற்று அதிகமாகக் காட்ட வேண்டும். குறையக் காட்டினால் அதே சிரிப்போடு அடுத்த கடை. தராசுகளைச் சரிபார்த்து முத்திரை இட அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் என்று அரசாங்கத்தில் ஓர் இடமே இருக்கிறது. மாமிக்கு அந்தப் பெயர் தெரியாது. பருப்புப் பக்கெட் தெரியும்.

மரக்கறியில் இரண்டு இனம். ஒன்று கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, பீற்றூட். இவை மலைநாட்டுச் சாமான். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் வழியாக லொறியில் இரவோடிரவாக வருபவை. மற்றது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருபவை: கத்தரி, வெண்டி, பயிற்றங்காய், பாகல், புடோல், பூசணி, கீரை வகை. முதல் இனத்தில் சந்தைக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் வித்தியாசம் பெரிதில்லை, இரண்டுமே ஒரே பாதையில் வருகிறவை. இரண்டாம் இனத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விடியப் பறித்த வெண்டியை ஒடித்துப் பார்த்தால் 'டக்' என்று ஒடியும், விலையும் குறைவு. வாவிக்கு அந்தப் பக்கத்து மரக்கறி இந்தப் பக்கம் வருவது முன்பை விட இப்போது இலகு. மண்முனைத்துறையில் 2014இல் பாலம் வரும்வரை பாதைப் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

ஆனால் சந்தை எங்களைத் தோற்கடித்தது அந்த மலிவாலேயே. "கிலோ எடுங்க, குறைச்சுத் தாறன்" என்றால் மாமியே விழுந்துவிடுவார். மூன்றாம் வாரம் பிரிஜ் நிரம்பி வழிந்தது. அடுத்த வியாழக்கிழமை பார்த்தால் ஒரு கட்டு கீரையும் அரைக்கிலோப் பயிற்றங்காயும் மஞ்சளாகிக் கிடந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியில் எழுதினேன், அவ்வளவுதான். எழுதும்போது கொஞ்சம் பெரிய எழுத்தாக வந்துவிட்டது.

நாலாம் வாரம் தீபாவளி. பலகாரச் சாமானையும் புது உடுப்பையும் கழித்துவிட்டேன், ஆனாலும் அந்த வாரத்துக் கணக்கை முழுசாக நம்ப மாட்டேன். ஒரு நாள் மழை பிடித்து, பத்துத் தேங்காயையும் பைகளையும் ஆட்டோவில் ஏற்றி வந்ததில் அந்த வார இலாபம் முழுக்க ஆட்டோக்காரத் தம்பிக்குப் போனது. ஸ்கூட்டியில் சந்தைக்குப் போய்வர அப்போது சுமார் 70 ரூபாப் பெற்றோல். ஆட்டோ என்றால் ஆயிரத்தைத் தொடும். கடை மாறுவதை விட வாகனம் மாறுவதுதான் செலவு.

சராசரி: பட்டியல் 10,200, இல்லாதது 700. பலகாரம் கழித்து.

காத்தான்குடி

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மலிவு. நாலில் ஆகக் குறைந்த பட்டியல் தொகை இங்கேதான் வந்தது, 9,900. மொத்தமாக இறக்கிச் சில்லறையாகவும் நிறுத்துத் தரும் கடைகள் இருப்பதால் செத்தல் மிளகாய், கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம் போன்றவற்றில் பக்கெட் விலையோடு ஒப்பிட்டால் கண் விரியும். தூரமும் குறைவு, பெற்றோல் அப்போது முப்பது நாற்பது ரூபா. வெள்ளி மத்தியானம் ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருக்கும், அது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மாமி இருபது வருடத்துக்கு மேல் ஒரே கடைக்குத்தான் தூள்ச் சாமானுக்குப் போகிறார். இடையில் போகாத வருடங்களும் இருந்தன, ஏன் என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கடைக்காரருக்கு இப்போது நரைத்துவிட்டது, மாமி இன்னும் "தம்பி" என்கிறார். நான் "நானா" என்றுதான் கூப்பிடுவேன். மிளகாயைக் கையில் அள்ளி, ஒன்றை நடுவே முறித்து, கொட்டையின் நிறத்தைப் பார்த்து, "இது போன முறை மாதிரி இல்ல" என்று மாமி சொன்னால் அவர் வாதாட மாட்டார். உள்ளே போய் வேறு சாக்கை அவிழ்ப்பார். இரண்டு கிலோ மிளகாய், ஒன்றரைக் கிலோ மல்லி, மற்றவை அளவுக்கு. வீட்டு முற்றத்தில் பாயில் போட்டு ஒருநாள் வெயில் காட்டி, வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்தால் இரண்டு மாதத்துக்குத் தூள் பிரச்சினை இல்லை. கடைத்தூள் பக்கெட்டையும் மாமியின் தூளையும் கிராம் கணக்கில் ஒப்பிட்டேன். மில் கூலி, விறகு எல்லாம் சேர்த்தும் மாமியின் தூள் மூன்றில் இரண்டு பங்கு விலைக்குத்தான் முடிந்தது. மாமியின் முதுகு நோவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் கவனியுங்கள், அது இரண்டு மாதச் சாமான். வாரச் சாமான் அல்ல.

அந்த இரண்டு வாரத்துக்குள் நவம்பர் 1 வந்தது. கடைகள் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலை போட்டுப் பில்லில் காட்ட வேண்டும் என்ற விதி அன்றிலிருந்து. எங்கள் வீட்டில் அதுவரை பட்டிக்காட்டுப் பை என்று பிள்ளைகள் வெட்கப்பட்ட மாமியின் பன் பைக்கு மவுசு கூடியது.

ஒழுங்கைக் கடை

அலமாரி விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் நாலிலும் கூடின விலை இங்கேதான். அதே பட்டியலை அதே அளவில் வாங்கியிருந்தால் 12,000க்கு மேல் போயிருக்கும். ஏழாம் வாரம் தொடங்கும்போது இந்தக் கடை தோற்கும் என்பதில் மூன்று பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

தோற்றது, ஆனால் நாங்கள் நினைத்த மாதிரி அல்ல. இரண்டு வார சராசரி 11,300. பட்டியலில் இல்லாதது 150, அதுவும் மகனின் டொபி. எறிந்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. காரணம் சின்னது: கால் கிலோ, இருநூறு கிராம், நாலு முட்டை என்று வாங்கும்போது நாளைக்கு வேண்டியது நாளைக்குத்தான் வீட்டுக்கு வருகிறது. கடைக்காரர் அண்ணன் கத்தரிக்காயைக் கிலோ கணக்கில் விற்கவே விரும்ப மாட்டார், வேறு நாலு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். விலை கூடிய கடையில் குறைய வாங்கினோம், மலிவான கடையில் கூட வாங்கினோம். பட்டியலையும் இல்லாததையும் கூட்டினால் சூப்பர்மார்க்கெட் 13,200, சந்தை 10,900, காத்தான்குடி 10,800 (அங்கேயும் பேரீச்சம்பழம், பிஸ்கட் என்று 900 போனது), ஒழுங்கைக் கடை 11,450. இத்தனைக்கும் கடைசி இரண்டு வாரம் மழை தொடங்கி மரக்கறி விலை ஏறின காலம். கடைசியாக வந்த கடைக்கு அது அநியாயம், கொப்பியில் ஓர் ஓரத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"அப்ப சரி, காத்தான்குடியும் சந்தையும். ஒழுங்கைக் கடையை விட்டிருவம்" என்றாள் மனைவி. அறுநூறு ரூபா மிச்சம் வாரத்துக்கு, மாதத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு. கணக்கு ஆசிரியை, பிழை பிடிக்க முடியாது.

மாமி எழும்பிப் போய் அலுமாரிக்குள்ளிருந்து இன்னொரு கொப்பியைக் கொண்டுவந்தார். எங்கள் கொப்பி அல்ல, கடையின் கடன் கொப்பி. கடைக்காரர் ஒரு பிரதி, நாங்கள் ஒரு பிரதி வைத்திருப்போம். 2022ஆம் ஆண்டுக் கொப்பி.

2022இல் வாரம் இல்லை

பொருளாதார நெருக்கடியின் அந்த வருடத்தை மறந்தவர்கள் யாரும் இல்லை என்றாலும் சாமான் வாங்குகிற கண்ணால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. பிரிஜ் என்பது ஓர் அலுமாரி, அவ்வளவுதான். பெற்றோலுக்கு வரிசை, பிறகு யூலை கடைசியில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அந்த 4 லீற்றரில் பள்ளிக்கூடமும் அலுவலகமும் போக, சந்தைக்கு எங்கே போவது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், அதாவது ஒரு வருடத்துக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கியது ஏறக்குறைய இருநூறு.

மாமி விரித்த பக்கம் அந்த மாதங்களின் பக்கம். ஒவ்வொரு நாளும் ஒரு வரி. "பருப்பு 250. சீனி 200. தே.காய் 1." அடுத்த நாள், "பருப்பு 100. மெழுகுதிரி 2." பால்மா தட்டுப்பாடாக இருந்த நாட்களில் ஒரு பக்கெட்டைக் கடதாசியில் சுற்றி, எங்கள் மகனிடம் கொடுத்து, "அம்மம்மாட்ட குடு, வழியில ஆருக்கும் காட்டாத" என்று அனுப்பினவர் அந்தக் கடைக்காரர். அதற்கும் கொப்பியில் ஒரு வரி இருக்கிறது, அச்சடித்த விலைதான், ஒரு சதம் கூட இல்லை. மூன்று மாதம் சம்பளம் வந்ததும் பாதியை மட்டும்தான் கட்டினோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மனைவி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அந்தக் கொப்பியில் வாரம் என்று ஒன்றே இல்லை. சனிக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. எந்தக் கடை என்று எட்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஏன் வாரம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வாரச் சாமான் என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தவை இரண்டு: பிரிஜ், ஸ்கூட்டி. இரண்டும் 2022இல் படுத்ததும் வாரமும் படுத்துவிட்டது. அவை இரண்டும் வருவதற்கு முன் இந்த வீட்டில் சாமான் அதனதன் காலத்தில் வந்தது. இப்போதும் அப்படித்தான் வருகிறது, நாங்கள் கவனிக்கவில்லை.

அரிசியைப் பாருங்கள். பட்டியலில் அது இல்லாததற்குக் காரணம், அது எங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு தரம்தான் வருகிறது. பெரும்போகம் வெட்டினதும் ஒரு முறை, சிறுபோகத்துக்கு ஒரு முறை, பழுகாமத்து உறவினரிடமிருந்து மூடைக் கணக்கில் நெல். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாடு வகை நெல்லுக்கு நிர்ணயித்த கொள்வனவு விலை கிலோ 120 ரூபா. அப்போது நாடு வகை அரிசியின் உச்ச சில்லறை விலை 230. நூறு கிலோ நெல்லைக் குத்தினால் அறுபத்தைந்து கிலோ அளவில் அரிசி வரும். அப்படிப் பார்த்தால் கிலோ அரிசிக்கு நெல் காசு 185, மேலே மில் கூலியும் ஏற்றுக்கூலியும். தவிடும் உமியும் நமக்கே. கடையை விட இருபது முப்பது ரூபா மிச்சம். பெரிய காசு இல்லை. ஆனால் அரிசி எங்கே விளைந்தது, யார் வெட்டினது என்று தெரிந்த அரிசி.

மீன் இதற்கு நேர் மாறு. விடிய ஆறரைக்கு மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு கோன் அடித்தபடி வருகிறவரிடம் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு. வாவி மீனோ கடல் மீனோ, மாமி கடப்படியில் நின்று செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்தையான்" என்று ஒன்றைத் தள்ளுவார். ஐந்து நிமிட வேலை. இதைப் போய் ஒரு வாரத்துக்கு வாங்கிப் பிரிஜ்ஜில் அடைக்கலாம் என்று வாவிக்கரையில் குடியிருக்கிறவனிடம் சொன்னால் சிரிப்பான். வெள்ளிக்கிழமை மரக்கறி, விரத காலம் மரக்கறி; அந்த நாட்களில் அவர் எங்கள் ஒழுங்கைக்குள் கோன் அடிப்பதே இல்லை. எங்கள் பஞ்சாங்கம் அவருக்குப் பாடம்.

ஆக அரிசிக்குப் போகம், தூளுக்கு இரண்டு மாதம், மீனுக்கு ஒரு நாள், கீரைக்கு ஒரு நாள், வெண்டி கத்தரிக்கு மூன்று நாள். தேடிப் பார்த்தால் ஏழு நாள் கணக்கில் தீர்கிற சாமான் பட்டியலில் முட்டையும் பெரிய வெங்காயமும்தான். இரண்டு சாமானுக்காக மற்ற எல்லாவற்றையும் சனிக்கிழமைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறோம். போஞ்சி அழுகியது அதனால்தான், சூப்பர்மார்க்கெட்டில் வாங்கியதால் அல்ல. இதை மாமியிடம் சொன்னேன். "நான் அதைத்தானே முதல் நாளே சொன்னன்" என்றார். சொல்லவில்லை. சரி, போகட்டும்.

இப்போது நடப்பது

மனைவியின் பள்ளிக்கூடம் டவுனில் என்பது எட்டு வாரமும் எங்கள் கண்முன்னால் கிடந்த விசயம். செவ்வாயும் வெள்ளியும் வரும் வழியில் சந்தைக்குள் நுழைந்து அரை அரைக் கிலோவாக மரக்கறி வாங்கி வருகிறாள்; தனியாகப் பெற்றோல் இல்லை. தேங்காய் அயலில் தோப்பு வைத்திருப்பவரிடம். தூள்ச் சாமான் காத்தான்குடி, கூடவே பருப்பும் சீனியும் ஐந்து கிலோவாக. சவர்க்காரம் மாதிரி அழுகாத சாமான்கள் மாதத்துக்கு ஒரு முறை சூப்பர்மார்க்கெட்டில், விலைக்கழிவு போடும் நாள் பார்த்து. மற்றதெல்லாம், தேயிலை, முட்டை, பாண், வெங்காயம், திடீரென்று தீர்ந்துபோகிற உப்பு, ஒழுங்கைக் கடை. கொப்பியில். சம்பளம் வந்ததும் மனைவியே போய்க் கணக்கு முடிக்கிறாள், அண்ணன் இரண்டாவது முறை கூட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

இந்த ஒழுங்கு வந்து ஒரு வாரத்தில், நவம்பர் கடைசியில், டித்வா புயல். மலைநாட்டில் மண்சரிவு, வீதிகள் மூடல், கரட்டும் லீக்ஸும் கண்ணில் படவில்லை, பட்டாலும் வாங்குகிற விலை இல்லை. எங்கள் பக்கமும் வெள்ளம். சந்தைப் பயணம் நின்றது. அரிசி மூடை இருந்தது, தூள் இருந்தது, பருப்பு இருந்தது. கடைக்காரர் அண்ணன் பூசணிக்காய் ஒன்றை வெட்டித் துண்டு துண்டாக ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் பிரித்து நிறுத்துக் கொடுத்தார். மூன்று நாள் பூசணி, பருப்பு, பூசணி. மகன் நாலாம் நாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனான்.

தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை என்று முடிவு செய்த சூப்பர்மார்க்கெட்டுக்கு இரண்டு முறை போகிறோம். இரண்டாவது முறைக்குப் பட்டியல் இல்லை, பையும் இல்லை. மழைக்காலம் முடிந்து புழுக்கம் தொடங்கினால் மூன்று முறை ஆகும் என்று நினைக்கிறேன். போன சனிக்கிழமை வந்து கொப்பியைத் திறந்தபோது "பட்டியலில் இல்லாதது" என்ற நிரலின் தலைப்பை மகள் வெட்டியிருந்தாள். மேலே "ஐஸ்கிறீம்" என்று எழுதியிருந்தது.